உங்களுக்குத் தெரியுமா? நம்ம ஊர் லான் ஒளித்து வைத்திருக்கும் அதிசயங்கள்!

உலகத்திலேயே மோசமான களை எது? 1977-லேயே பட்டியல் போட்டுவிட்டார்கள் விஞ்ஞானிகள். முதலிடம் கோரைக்கு. இரண்டாமிடம் நம்ம அருகம்புல்லுக்கு! பீளமேட்டிலோ வடவள்ளியிலோ வீட்டு முன்னால் லான் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் உலகின் நம்பர் 1-ம் நம்பர் 2-ம் உங்கள் கேட்டுக்குள்ளேதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன!

கோரை புல்லே கிடையாது! நம்பவில்லையா? தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். சுலபத்தில் உருளாது. ஏனென்றால் அது முக்கோணம்! புல்லின் தண்டில் இந்த மூன்று பட்டையைப் பார்க்கவே முடியாது.

கோரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்! மேலே ஒன்று போனால், மண்ணுக்குள் சங்கிலி கோத்த மாதிரி தூங்கிக்கொண்டிருக்கும் கிழங்குகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். அதே கிழங்குக்கு சித்த மருத்துவத்தில் எத்தனை மரியாதை தெரியுமா? முத்தக்காசு என்பது அதுவேதான்!

அருகு மட்டும் சாதாரணமா? காட்டுக்காரருக்கு அது எதிரி. பிள்ளையாருக்கு அது மாலை. கொங்குக் கல்யாணத்தில் அருமைக்காரர் மணமக்களை வாழ்த்தக் கையில் எடுப்பதும் அந்த அருகம்புல்தான்! இதையெல்லாம் வைத்துத்தான் சொல்கிறேன், நம்ம ஊர் வாசலுக்கு அருகை மிஞ்சிய லான் கிடையாது!

பங்குனி வெயிலில் லான் பழுப்பாகிவிட்டதா? கொத்தி எறிந்துவிடாதீர்கள்! அது சாகவில்லை, தூங்குகிறது. அருகின் வேர் மண்ணுக்குள் 1 மீட்டரைத் தாண்டியும் இறங்கும். ஒரு கோடை மழை போதும். சில நாளில் பச்சை எட்டிப் பார்க்கும்!

வெட்ட வெட்டப் புல் எப்படி வளர்கிறது? மற்ற செடிகளுக்கு வளர்ச்சி நுனியில். புல்லுக்கோ அடியில்! மாடு மேய்ந்தாலும், மெஷின் ஓடினாலும், வளரும் இடம் தரையோரத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவே கூடாது! சித்திரையில் இன்னும் கவனம். கத்திரி வெயிலில் ஒட்ட வெட்டினால் மண் சுடும், வேர் வாடும். மெஷினின் பிளேடை உயர்த்திவிட்டு 5 சென்டிமீட்டர் நிற்க விடுங்கள். புல்லுக்குப் புல்லே நிழல்!

வெட்டிய புல்லைக் கூட்டிக் குப்பையில் போடுகிறீர்களா? ஐயோ, உரத்தை வீசுகிறீர்கள்! அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சம் இருப்பதில் தழைச்சத்து. பொடிப்பொடியாக வெட்டி அப்படியே விட்டால், லானின் வருஷ உரத் தேவையில் கால் பங்கு வரை அதுவே தந்துவிடும்!

இப்போது தண்ணீர்க் கணக்கு. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்! 1 சென்ட் லான் கோடையில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் தண்ணீர் கேட்கும். லிட்டரில் சொன்னால் சுமார் 1,000!

அதற்கு சிறுவாணித் தண்ணியை ஓஸ் பைப்பில் திறந்துவிடலாமா? கூடவே கூடாது! உங்கள் மொட்டை மாடி 1,000 சதுர அடியா? கோவையில் 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் வருஷத்தில் அந்த மாடி மேல் மட்டும் விழும் தண்ணீர் சுமார் 55,000 லிட்டர்! 1 சென்ட் லான் வருஷம் முழுக்கக் குடிப்பதை விட அதிகம். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிய வருஷம் 2003!

பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தன் எடையைப் போல 5 மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைக்கும்! நன்றாக மக்கியதை வாங்கி லான் மண்ணோடு கலந்துவிடுங்கள். வெயில் காலத்தில் தண்ணி விடும் வேலை குறையும்!

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது பாசம் என்று நினைக்கிறீர்களா? புல்லைச் சோம்பேறியாக்குகிறீர்கள்! மேலே ஈரம் இருந்தால் வேர் கீழே இறங்காது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, நன்றாக ஊறும்படி, அதிகாலையில். ராத்திரியில் விட்டால் விடிய விடிய ஈரம் நிற்கும். பூஞ்சாணத்துக்கு அழைப்பிதழ்!

ஆனி, ஆடி வந்தால் வானம் மூடிக்கிடக்கும், சாரல் முகத்தில் அடிக்கும். லானுக்குத் தண்ணியே வேண்டாம் என்று தோன்றும். ஏமாறாதீர்கள்! பாலக்காட்டுக் கணவாயின் அகலம் 30 கிலோமீட்டருக்கும் அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைவிடப் பெரிய திறப்பு இல்லவே இல்லை. அதன் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலையைச் சுற்ற வைக்கிறது. உங்கள் புல்லின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. சாரல் இலையை நனைக்கும், வேரை நனைக்காது. மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், அசந்து போவீர்கள்!

ஒரே மாவட்டம், இரண்டு உலகம்! கோவை நகரத்தில் வருஷ மழை சராசரியாக 700 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறு? 3,000-ஐ அனாயாசமாகத் தாண்டும்!

புது லான் போட எது நல்ல நேரம்? ஐப்பசியைக் குறித்துக்கொள்ளுங்கள். கோவையின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. மழைக்குச் சற்று முன்னால் நட்டால் தண்ணி விடும் வேலையை வானமே பார்த்துக்கொள்ளும்! கரிசல் மண்ணா? மேட்டுப்பாங்காக நிரவி, தண்ணி வடிய வழி விட்டு நடுங்கள். ஊறினால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும் மண் அது! மாமரத்தடி, வேப்பமரத்தடியா? அருகை அங்கே நடாதீர்கள். தினமும் 6 மணி நேரமாவது வெயில் கேட்கும் ராஜா அது!

உப்புத்தண்ணி பாயும் லான் உரம் போட்டும் மஞ்சளாகவே நிற்கிறதா? யூரியா மூட்டையைத் திறக்காதீர்கள்! சுண்ணாம்பு மிகுந்த நம்ம மண்ணில் இரும்புச்சத்து இருக்கும், ஆனால் புல்லால் எடுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையின் அன்னபேதி உப்புதான் மாற்று. லிட்டருக்கு 5 கிராம் கரைத்து சாயங்காலம் இலை மேல் தெளியுங்கள். கொஞ்ச நாளில் கரும்பச்சை! டைல்ஸில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகவே போகாது!

மழைக்குப் பிறகு லானில் காளான் முளைத்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது புல்லைத் தொடுவதே இல்லை. மண்ணுக்குள் மட்கும் கட்டையைத் தின்று வாழ்கிறது!

மார்கழிக் காலையில் புல் நுனியில் ஒரு முத்து நிற்குமே, அது பனித்துளி என்றுதானே நினைத்தீர்கள்? பல நேரம் இல்லை! ராத்திரி முழுக்க வேர் உறிஞ்சிய தண்ணீரைப் புல் தன் நுனித் துளை வழியாக வெளியே தள்ளுகிறது. வானத்திலிருந்து வந்ததல்ல, மண்ணிலிருந்து ஏறியது!

அதே மார்கழியில் டெல்லி லான்களில் அருகு குளிரில் பழுத்துத் தூங்கிவிடும். கோவையில்? பச்சை! மண்ணின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால்தான் அருகுக்குக் குளிர்தூக்கம் வரும். நம்ம ஊரில் அது நடப்பதே இல்லை!

கொஞ்சம் மலையேறுங்கள், கதையே வேறு! ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-இல் உருவானது. உறைபனிக் காலத்தில் அங்கே விடியற்காலையிலேயே புல்தரைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். எதற்கு? வெயில் ஏறுமுன் பனியைக் கரைக்க! நீலகிரியில் விரிந்து கிடக்கும் கிக்குயு புல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கிழக்கு ஆப்பிரிக்கா!

விம்பிள்டன் மைதானத்தின் புல் உயரம் வெறும் 8 மில்லிமீட்டர். 2001 முதல் முழுக்க முழுக்க ரை புல். அதைக் கோவைக் கத்திரியில் நிறுத்திப் பாருங்கள், தாங்காது! நம்ம அருகுக்கோ 35 டிகிரி என்றால் கொண்டாட்டம்.

இனி சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த தகவல். புல்வெட்டும் மெஷின் பிறந்தது எங்கே? துணி மில்லில்! இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் கம்பளித் துணியின் மேல் நீட்டி நிற்கும் பிசிறை வெட்ட ஓர் இயந்திரம் இருந்தது. உருளையில் சுழலும் கத்தி. எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக் அதைப் பார்த்தார். துணியை வெட்டுவது புல்லை வெட்டாதா என்று யோசித்தார். 1830-இல் காப்புரிமையே வாங்கிவிட்டார்! கோவையின் முதல் நூற்பாலையான ஸ்டேன்ஸ் மில் வந்தது 1888-இல். மில்லுக்கும் லானுக்கும் அதற்கு 58 வருஷம் முன்பே சம்பந்தம் முடிந்துவிட்டது! மில் ஊர்க்காரர்கள் பெருமையாக மெஷினைத் தள்ளலாம்!

வெட்டிய புல்லின் வாசம் மனதை மயக்குகிறதா? அது புல்லின் அபாய அறிவிப்பு! புழு கடித்தாலும் அந்த ரகத்து வாசம்தான் கிளம்புகிறது. அதை மோப்பம் பிடித்துக் குளவிகள் புழுவைத் தேடி வருகின்றன!

கரும்பும் புல்தான்! கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையம் 1912-இல் தொடங்கியது. நல்ல கரும்போடு காட்டுப்புல்லான பேய்க்கரும்பைச் சேர்த்து 1918-இல் வெளிவந்தது கோ 205. வட இந்தியக் கரும்புத் தோட்டங்களின் தலையெழுத்தையே மாற்றியது ஒரு காட்டுப்புல்! அதே 1912-இல் கோவையில் நெல் ஆராய்ச்சி நிலையமும் பிறந்தது. நெல்லும் புல்தான். உலகில் மொத்தம் எத்தனை வகைப் புல்? சுமார் 12,000!

மூங்கில்? அதுவும் புல். ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் வரை வளரும்!

வெட்டவும் வேண்டாம், பாய்ச்சவும் வேண்டாம், உரமும் வேண்டாம், அப்படி ஒரு லான் உண்டா? காங்கேயம், மூலனூர் பக்கம் போய்க் கொரங்காட்டைப் பாருங்கள்! சுற்றிலும் கிளுவை வேலி. நடுநடுவே வெள்வேல மரம். தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மழை பெய்தால் பச்சை, இல்லையென்றால் காத்திருக்கும். வெட்டுவதற்குக் காங்கேயம் மாடு, உரத்துக்கும் அதே மாடு! தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். உலகத்துத் தோட்டக்கலை வகுப்புகள் இங்கே வந்து பாடம் படிக்க வேண்டும் என்பேன்!

டைனோசரும் புல் தின்றது! கண்டுபிடித்தது யார்? நம்ம நாட்டு விஞ்ஞானிகள்! மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த டைனோசர் சாணப் படிமத்துக்குள் புல்லின் மணல்சத்துத் துகள்கள் இருந்தன. உலகுக்கு அறிவித்த வருஷம் 2005. அந்தச் சாணத்தின் வயது 6 கோடி வருஷத்துக்கும் மேல்!

பராமரிப்பே வேண்டாம் என்று வாசலில் பிளாஸ்டிக் புல் விரிக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் ப்ரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-இல் அளந்தார்கள். வெளியே வெப்பம் 37 டிகிரி. கோவையின் சித்திரை மத்தியானம் மாதிரிதான். செயற்கைப் புல்லின் மேல்பரப்பு? 93 டிகிரி செல்சியஸ்! குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடமுங்க அது!

கடைசியாக ஒரு மலைப்பு! அமெரிக்காவில் வீடு, பூங்கா, மைதானம் என்று எல்லா லானையும் சேர்த்தால் எவ்வளவு வரும்? 2005-இல் வந்த மதிப்பீடு 1,63,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்! நமக்கு அவ்வளவு ஆசை வேண்டாமுங்க. 1 சென்ட் அருகு, மொட்டை மாடி மழைத்தண்ணி, இவ்வளவு போதும். புரட்டாசி கடைசியில் மண்ணைக் கொத்திக் கோரைக்கிழங்கைப் பொறுக்கி எடுத்துவிட்டு, முதல் மழைக்கு முன்னால் நட்டுவிடுங்கள்!