பிக்கப் வண்டியின் ஷாஃப்டுக்கு கிரீஸ் இடும் முறை

மாட்டு வண்டி வைத்திருந்த குடியானவர்கள், அச்சுக்கு மை போடாமல் வண்டியைச் சந்தைக்குப் பூட்டியதில்லை. இன்று காய்கறியையும் நெல் மூட்டையையும் ஏற்றிச் செல்வது பிக்கப் வண்டி. இதிலும் மை போட வேண்டிய இடங்கள் உண்டு. ஆனால் அவை வண்டிக்கு அடியில், பார்வைக்கு எட்டாமல் இருப்பதால் பலரும் மறந்துவிடுகின்றனர். இவற்றுள் முதலில் கவனிக்க வேண்டியது 'புரொப்பல்லர் ஷாஃப்ட்' எனப்படும் சுழல் தண்டு ஆகும். ஒரு கிரீஸ் கன்னும் அரை மணி நேரமும் இருந்தால் இதை விவசாயிகள் தாங்களே பராமரித்துக்கொள்ளலாம்.

ஷாஃப்டின் வேலை

முன்புறம் எஞ்சினும் பின்புறம் ஓட்டும் சக்கரங்களும் உள்ள வண்டிகளில், கியர் பெட்டியின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டு செல்வது இந்த ஷாஃப்ட் ஆகும். பாரம் ஏற்றும்போதும் வரப்பு, பள்ளங்களில் இறங்கி ஏறும்போதும் பின் அச்சு மேலும் கீழும் அசையும். கியர் பெட்டி அவ்வாறு அசைவதில்லை. இந்த அசைவுக்கு இடம் கொடுக்கவே ஷாஃப்டின் முனைகளில் கூட்டல் குறி வடிவில் 'கிராஸ்' பொருத்தப்பட்டிருக்கிறது. இதன் நான்கு கைகளின் மேலும் நான்கு கிண்ணங்கள் உள்ளன. ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கின்றன. ஷாஃப்டின் நீளம் சற்றுக் கூடிக் குறைவதற்காக, பல் வெட்டிய 'ஸ்லிப் ஜாயிண்ட்' ஒன்றும் இருக்கும்.

பின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஷாஃப்ட் ஏறக்குறைய நான்கு முறை சுற்றும். அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 2,000 சுற்றுகள். 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சந்தைக்குச் சென்று சேர்வதற்குள் ஒரு லட்சம் சுற்றுகள் ஆகிவிடும். சக்கர பேரிங்கைப் போல இந்த ஊசிகள் முழுச் சுற்று சுற்றுவதில்லை. இருந்த இடத்திலேயே சிறிதளவு முன்னும் பின்னும் அசைகின்றன. ஆகவே கிரீஸ் வற்றினால் ஒரே இடம் தேய்ந்து பள்ளம் விழும். நான்கு கிண்ணங்களில் ஒன்று உலர்ந்தாலும் கிராஸ் முழுவதும் கெட்டுவிடும்.

முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள்

மெதுவாகச் செல்லும்போது அடியிலிருந்து 'கீச், கீச்' என்று சீரான ஒலி வந்தால் ஊசிகள் உலர்ந்துவிட்டன என்று கொள்ளலாம். வண்டியைக் கிளப்பும்போதும், ரிவர்ஸ் கியரிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போதும் 'டக்' என்று அடித்தால் தேய்மானம் ஏற்பட்டிருக்கலாம். கிண்ணத்தின் ஓரத்தில் செங்கல் தூள் போன்ற துரு தென்பட்டால் உள்ளே கிரீஸ் இல்லை என்று பொருள். வேகத்தில் வண்டி அதிர்ந்தால் கிராஸ் தேய்ந்திருக்கலாம். அல்லது ஷாஃப்டின் மேல் சேறு அப்பி இறுகியிருக்கலாம்.

இவற்றைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் ஒரு நாள் ஷாஃப்ட் கழன்று விழும். முன்முனை விழுந்தால் அது சாலையில் குத்தி வண்டியையே தூக்கிக் கவிழ்க்கக் கூடும். மலைச் சரிவில் இறங்கும்போது ஷாஃப்ட் அறுந்தால், கியரில் இறங்கும் வண்டிக்கு எஞ்சினின் பிடிப்பு அற்றுப்போய் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். ஏற்றிய தக்காளி மட்டுமன்றி, ஓட்டுபவரின் உயிரும் இதில் அடங்கியுள்ளது.

வண்டிக்கு அடியில் நுழையும் முன்

பாரம் இல்லாத வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்த வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சைலன்சர் குழாய் ஆறும் வரை காத்திருத்தல் நலம்.

பிக்கப் வண்டி உயரமானதாகையால் பெரும்பாலும் தூக்க வேண்டிய தேவை இராது. தூக்கித்தான் ஆகவேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்கக் கூடாது. வண்டியின் எடையைத் தாங்கும் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீரென நொறுங்கிவிடும். அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

கிரீஸ் இடுதல்

1. கிராஸின் நடுவிலோ கிண்ணத்தின் தலையிலோ உள்ள கிரீஸ் நிப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் மண்ணும் கிரீஸுடன் உள்ளே போகும்.

2. நிப்பிள் மேற்பக்கமாகத் திரும்பியிருந்தால், அடியிலிருந்து வெளியே வந்து, கட்டைகளை எடுத்துவிட்டு வண்டியை ஒரு சாண் தூரம் தள்ளினால் போதும். ஷாஃப்ட் ஏறக்குறைய அரைச் சுற்று திரும்பிவிடும். மீண்டும் கைப்பிரேக் போட்டு, கட்டை கொடுத்த பிறகே அடியில் செல்ல வேண்டும்.

3. கிரீஸ் கன்னை மெதுவாக அழுத்த வேண்டும். முதலில் பழைய கறுத்த கிரீஸும் அதன்பின் புதிய கிரீஸும் கிண்ணங்களின் ஓரத்தில் வெளிவரும். நான்கு கிண்ணங்களிலும் புதிய கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதே முக்கியமான விதி. ஒன்றில் வராவிட்டால் ஷாஃப்டைக் கையால் பிடித்து அசைத்துக் கொடுத்து மீண்டும் அழுத்தலாம். அப்போதும் வராவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும். மூன்றில் வந்துவிட்டது என்று திருப்தி அடையலாகாது.

4. ஸ்லிப் ஜாயிண்டுக்குத் தனி நிப்பிள் இருந்தால், ஓரத்தில் கிரீஸ் தென்பட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். அளவுக்கு மீறி அழுத்தினால் சீல் பிதுங்கிவிடும்.

5. வெளியே வழிந்த கிரீஸைத் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் புழுதி ஒட்டும்.

6. ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். கிராஸில் ஆட்டம் தெரிந்தால் கிரீஸ் போட்டுப் பயனில்லை. கிராஸை மாற்றியே ஆகவேண்டும். முனையில் உள்ள போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். கெட்ட போல்ட்டுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த சாதாரண போல்ட்டைப் போடுவது ஆபத்து.

பெரும்பாலான வண்டிகளுக்கு 2-ஆம் எண் லித்தியம் கிரீஸில், மிகுந்த அழுத்தம் தாங்கும் 'இ.பி.' வகை ஏற்றது. வெவ்வேறு வகை கிரீஸ்களைக் கலக்கக் கூடாது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பதை வண்டியுடன் வந்த கையேட்டின்படி கடைப்பிடிக்க வேண்டும். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கிய வண்டிக்குத் தவணை வரை காத்திராமல் உடனே கிரீஸ் இட வேண்டும். சில வண்டிகளின் கிராஸில் நிப்பிளே இராது. அவை மூடி அடைக்கப்பட்டவை. தேய்ந்தால் மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

அடியில் மேலும் கவனிக்க வேண்டியவை

வைக்கோல், சணல், நைலான் கயிறு ஆகியவை ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடும். அவற்றைக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். சைலன்சர் மேல் தங்கும் வைக்கோல் தீப்பிடிக்கக் கூடும்.

பின் அச்சில் உள்ள சிறிய காற்றுத் துளை சேற்றால் அடைபட்டால், உள்ளே சூடேறிய காற்று வெளியேற வழியின்றி ஆயில் சீல் வழியே கசியும். கியர் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. உடனே மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல் உள்ளதா, 'யு' போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். நிப்பிள் உள்ள இடத்தில் மட்டுமே கிரீஸ் இட வேண்டும். ரப்பர் புஷ்களில் எண்ணெயும் கிரீஸும் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். சிலர் துருப்பிடிக்காமல் இருக்கப் பழைய எஞ்சின் ஆயிலை அடியெங்கும் பூசுகின்றனர். இது ரப்பரைக் கெடுப்பதுடன், சொட்டும் இடத்தில் மண்ணையும் கெடுக்கும்.

பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் போன்ற உர மூட்டைகளை ஏற்றி இறக்கிய பிறகு, அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். சிதறிய உரம் ஈரத்துடன் சேர்ந்தால் இரும்பை விரைவில் அரிக்கும். பிரேக் குழாய்களில் துரு ஏறியிருந்தால் தாமதிக்கக் கூடாது.

கிரீஸ் இட்ட தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நலம். சந்தைக்குப் போகாத நாளில் ஒதுக்கும் அரை மணி நேரம், அறுவடைக் காலத்தில் வண்டி நடுவழியில் நிற்காமல் காப்பாற்றும்.