தென்னைக்குப் பங்காளி யார்?

தாழையா, நெல்லா? தோற்றம் சொன்னது ஒன்று. செல் சுவரில் ஒட்டியிருந்த அமிலம் சொன்னது வேறு.

அமெரிக்கத் தாவரவியலாளர் ஆர்தர் கிரான்க்விஸ்ட் 1981-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் தென்னையும் பனையும் தாழை, சேம்பு ஆகியவற்றோடு ஒரே துணைவகுப்பில் இடம்பெற்றன. பாளை மூடிய பூங்கொத்து போன்ற வெளி அடையாளங்களே ஆதாரம். நெல்லும் இஞ்சியும் வெவ்வேறு துணைவகுப்புகளுக்குப் போயின.

ஆனால் முந்தைய ஆண்டே இதற்கு எதிரான சாட்சியம் வந்துவிட்டிருந்தது. தாவர செல்லின் சுவர், செல்லுலோஸ் இழைகளாலும் அவற்றுக்கிடையே ஓடும் மற்ற சர்க்கரைச் சங்கிலிகளாலும் ஆனது. புல் இனங்களில் இச்சங்கிலிகளில் ஃபெருலிக் அமிலம் ஒட்டியிருக்கிறது. சங்கிலிகளை அது ஒன்றோடொன்று பிணைப்பதும், மாடுகளால் வைக்கோலை முழுமையாகச் செரிக்க முடியாததற்கு ஒரு காரணம்.

அதைக் கண்டறிவது கடினமல்ல. இலையின் மெல்லிய சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் சுவர் நீலமாக ஒளிரும். அம்மோனியா பட்டால் பச்சையாகும். 1976-ல் புல் இனங்களில் இதை விவரித்த விஞ்ஞானிகள் ஹாரிஸும் ஹார்ட்லியும், 1980-ல் ஒருவித்திலைத் தாவரங்களின் பல குடும்பங்களைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர்.

கோடு தெளிவாக விழுந்தது. நெல், வாழை, இஞ்சி, அன்னாசி ஆகியவற்றின் குடும்பங்களில் அமிலம் இருந்தது. பனைக் குடும்பத்திலும் இருந்தது. தாழை, சேம்பு, வெங்காயம் ஆகியவற்றின் குடும்பங்களில் இல்லை. அதாவது தென்னை நெல்லின் பக்கம், தாழை வெளியே.

ஒரே ஓர் அமிலத்தை நம்பிக் குடும்ப மரத்தையே மாற்றி வரையலாமா? தயங்கக் காரணம் இருந்தது. இருவித்திலைத் தாவரங்களான பாலக் கீரை, பீட்ரூட் ஆகியவற்றின் சுவர்களிலும் ஃபெருலிக் அமிலம் உண்டு. அதற்காக அவை நெல்லுக்கு உறவாகிவிடாது. விடை, அமிலம் ஒட்டியிருக்கும் இடத்தில் இருக்கிறது. புல் இனங்களில் அது ஸைலான் சங்கிலியின் கிளைகளில் ஒட்டியிருக்கிறது. கீரையிலும் பீட்ரூட்டிலும் பெக்டினில். ஒரே பொருள், ஆனால் தனித்தனியாக உருவான இரு ஏற்பாடுகள்.

இறுதித் தீர்ப்பை டிஎன்ஏ வழங்கியது. 1990-களில் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுத் தாவரவியலாளர்கள் புதிய மரம் வரைந்தனர். 1998-ல் வெளியான புதிய வகைப்பாட்டில் நெல், வாழை, இஞ்சி, பனை இனங்கள் ஒரே பெருங்குழுவில் சேர்ந்தன. இன்று அதன் பெயர் கோமெலினிட். தாழை அதில் இல்லை. மைக்ராஸ்கோப்பில் தெரிந்த பச்சை ஒளி 18 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிய எல்லைக்கோடு இதுதான்.