அகப்பை ஏந்திய படைவீரர்

படை என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவன துப்பாக்கியும் பீரங்கியுமே. அப்படையின் நடுவே ஓர் அடுப்பும் எரிந்துகொண்டிருக்கிறது என்பதை நாம் நினைப்பதில்லை. ஆட்சியாளர்கள் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது படையிற் சேர வந்த இளைஞர் பலர் ஊட்டக்குறைவால் தகுதியற்றவர் எனத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதனைக் கண்ட அமெரிக்கா, 1946ஆம் ஆண்டில் பள்ளி மதிய உணவுக்கெனத் தேசியச் சட்டம் ஒன்றை இயற்றியது. உணவும் உடல்நலமும் நாட்டின் காவலோடு தொடர்புடையவை என்பது அச்சட்டத்திலேயே கூறப்பட்டுள்ளது.

உணவையும் உடல்வலியையும் ஒருங்கே தம் வாழ்வாக்கிக் கொண்டவர் ஆந்த்ரே ரஷ். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்தவர், இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தரைப்படையிற் பணியாற்றி, மாஸ்டர் சார்ஜென்ட் என்னும் நிலையில் ஓய்வு பெற்றவர், படையின் சமையற்கலைஞர், கிளின்டன், புஷ், ஒபாமா, டிரம்ப் ஆகிய நான்கு அதிபர்களின் காலத்தில் வெள்ளை மாளிகைச் சமையற்பணியில் பங்கு கொண்டவர் என்று அவர்தம் வரலாறு கூறும்.

உலகம் அவரை அறிந்துகொண்ட நிகழ்ச்சி நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. 2018ஆம் ஆண்டு ரமலான் திங்களில், ஜூன் 6ஆம் நாள், வெள்ளை மாளிகையில் இஃப்தார் விருந்து நடைபெற்றது. அம்மாளிகைக்கு இது முற்றிலும் புதியதன்று. 1805ஆம் ஆண்டு டிசம்பரில் துனிசியத் தூதர் நோன்பிருந்தார் என்பதற்காக, அதிபர் ஜெபர்சன் பிற்பகல் விருந்தின் நேரத்தைக் கதிரவன் மறையும் பொழுதுக்கு மாற்றிய வரலாறு உண்டு. 2018ஆம் ஆண்டு விருந்துக்காக வெளியில் நின்று சமைத்துக் கொண்டிருந்த ரஷ்ஷை ஒருவர் படமெடுத்தார். வெண்ணிறச் சமையலங்கியின் கையைப் பிளந்துவிடுமோ எனத் தோன்றும் 24 அங்குலப் புயம்! அப்படம் நாடெங்கும் பரவியது. நோன்பாளிகளுக்கு உணவு சமைத்த கை, ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றது.

கண்டோர் வியந்தது புயத்தை. நாம் வியக்க வேண்டியது அப்புயம் நாள்தோறும் ஆற்றும் கடமையை. அவர் ஒரு நாளைக்கு 2,222 தண்டால் எடுப்பவர். நிமிடத்துக்கு 20 எனக் கணக்கிட்டாலும் 111 நிமிடங்கள் ஆகும். ஏன் இந்த எண்? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 பேர் தற்கொலையால் மடிகின்றனர் என்று, 2012ஆம் ஆண்டில் முன்னாள் படைவீரர் நலத்துறை மதிப்பிட்டது. அந்த 22 உயிர்களை உலகம் மறவாதிருக்கவே இந்த 2,222. பின்னர் வந்த விரிவான கணக்குகளில் அவ்வெண் குறைந்தது. எனினும் 2022ஆம் ஆண்டில் மாண்டோர் 6,407 பேர். அதாவது நாளொன்றுக்கு 17 பேருக்கு மேல். களத்திற் பகைவனிடம் தப்பியவர்கள், வீடு திரும்பிய பின் தம் நெஞ்சிடம் தோற்றனர் என்பதே இதன் பொருள்.

ரஷ்ஷும் அத்துயரை அறியாதவரல்லர். 2001 செப்டம்பர் 11 அன்று பென்டகன் தாக்கப்பட்டபோது தாம் அங்கிருந்ததையும், அதன்பின் தம் உள்ளம் பட்ட பாட்டையும் அவரே கூறியுள்ளார். மலைபோன்ற தோள் உடையவரும் மனத்துயருக்கு ஆளாகலாம். இவ்வுண்மையை அவர் மறைக்காமல் உரைத்ததே, அவர் தூக்கிய எடைகள் அனைத்தினும் பெரிது. ‘ஆண்மகன் அழலாகாது’ என்று சொல்லி வளர்க்கும் சமுதாயங்கள் அனைத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது.

இனி, உணவைக் காண்போம். முட்டை, கோழியிறைச்சி எனப் புரதம் மிகுந்த உணவை அவர் பேரளவில் உண்பதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அவ்வளவு அவருடைய உடலுக்கும் உழைப்புக்கும் உரியது. மிகுந்த உடலுழைப்பு இல்லாத ஆடவர்க்கு நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 கலோரி போதும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைந்த புரதமும் போதும். பழகாத உடலை ஒரே நாளில் வருத்தினால், தசை சிதைந்து சிறுநீரகம் பழுதுபடவும் கூடும். ஆதலின் மாணவர்கள் அவருடைய எண்ணிக்கையை அன்று, அவருடைய ஒழுங்கையே பின்பற்ற வேண்டும்.

அந்த ஒழுங்கை எளியோரும் கைக்கொள்ள அமெரிக்கப் படையின் உணவுக்கூடங்கள் ஒரு வழி கண்டன. ஒவ்வோர் உணவின் முன்னும் ஒரு வண்ணக்குறி இருக்கும். பச்சை எனில் அடிக்கடி உண்ணலாம்; மஞ்சள் எனில் அளவோடு உண்ணலாம்; சிவப்பு எனில் அரிதாகவே உண்ண வேண்டும். காய், கனி, தவிடு நீக்காத தானியம் ஆகியவை பச்சையைச் சாரும். எண்ணெயிற் பொரித்தவை சிவப்பைச் சாரும். உலகச் சுகாதார நிறுவனமும், நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனிகள் வேண்டும் என்றும், உப்பு 5 கிராமுக்கு மிகலாகாது என்றும், வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடற்பயிற்சி தேவை என்றும் அறிவுறுத்துகிறது. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டா, மனவுறுதியே வேண்டும்.

சமைப்பவனுக்கு மட்டுமே வாய்க்கும் பேறு ஒன்று உண்டு. யார் உண்டார், யார் உண்ணாமல் எழுந்தார் என்பதை முதலில் அறிபவன் அவனே. உள்ளச்சோர்வின் அறிகுறிகளுள் பசியின்மையும் ஒன்று என்பது மருத்துவர் கூற்று. வாய் மறைப்பதைத் தட்டு சொல்லிவிடும். உணவு பரிமாறுதல் ஒருவகைக் காவற்பணி என்பது இதனாலேயே. முன்னாள் வீரர்கள் உள்ளிட்ட துயருற்றோர் அனைவருக்குமென அமெரிக்காவில் 988 என்னும் தொலைபேசி எண் உள்ளது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டு முதல் 14416 என்னும் எண்ணில் மனநல உதவி கிடைக்கிறது. ஆயினும் தொலைபேசியை எடுக்கும் துணிவு வருமுன், அருகிலிருப்பவரின் ஒரு சொல் தேவைப்படுகிறது.

மாணவச் செல்வங்களே! உடலை வளர்ப்பீர், அது இறைவன் தந்த அமானிதம். ஆனால் கண்ணாடி முன் நின்று கண்டு மகிழ்வதற்காக மட்டும் அதனை வளர்க்காதீர். விடுதி உணவுக்கூடத்தில் உங்கள் தோழன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்து போனால், அவன் பின்னே செல்லுங்கள். ‘என்னடா, சாப்பிடவில்லையா?’ என்று கேளுங்கள். அவன் விடை சொல்லும்வரை உடன் இருங்கள். உங்கள் தோள்வலிக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.