பார்த்தீனியத் தும்மல்: இரத்தத்தில் நடப்பது என்ன?

மழை ஓய்ந்ததும் வரப்பிலும் தரிசிலும் பார்த்தீனியம் வெள்ளைவெளேரெனப் பூத்து நிற்கும். களை பறிக்க இறங்கியவருக்குச் சிறிது நேரத்தில் அடுக்குத் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. 'பனி ஒத்துக்கொள்ளவில்லை' என்று கஷாயம் குடித்துவிட்டு, மறுநாளும் அதே இடத்தில் இறங்குவோர் பலர். சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தணிந்துவிடும். இதுவோ பூக்கும் காலம் முழுவதும் தொடரும். காரணம் கிருமியன்று, மகரந்தத்தூள்.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த இக்களை, 1955-இல் புனேயில் கண்டறியப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவிவிட்டது.

பகை உருவாகும் விதம்

மகரந்தத்தூள் பலரை ஒன்றும் செய்வதில்லை. சிலருடைய உடல் மட்டும் அதைப் பகையாகக் கருதிவிடுகிறது. மூக்கின் ஈரச் சவ்வில் படியும் தூளிலுள்ள புரதத்தை அங்குள்ள காவல் அணுக்கள் பிடித்து, 'டி' வகை வெள்ளையணுக்களிடம் காட்டுகின்றன. அவை தூண்ட, 'பி' வகை வெள்ளையணுக்கள் 'ஐஜிஇ' என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றன. இது சவ்வுகளிலுள்ள மாஸ்ட் அணுக்கள் மீதும், இரத்தத்திலுள்ள பேசோபில் அணுக்கள் மீதும் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். இந்தக் கட்டத்தில் தும்மல் இராது. அதனால்தான் பல ஆண்டுகள் தொல்லையின்றி வேலை செய்தவருக்கும் ஒரு பருவத்தில் புதிதாக இந்நோய் தோன்றுகிறது.

இரண்டு அலைகள்

அடுத்த முறை தூள் பட்டவுடன், சில நிமிடங்களில் மாஸ்ட் அணுக்கள் 'ஹிஸ்டமின்' என்ற பொருளைக் கொட்டுகின்றன. தும்மலும் அரிப்பும் அதன் வேலையே. இது முதல் அலை.

ஏறக்குறைய 4 முதல் 8 மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரும். இரத்தத்திலிருந்து ஈஸினோபில் என்னும் வெள்ளையணுக்கள் மூக்குச் சவ்வுக்குள் புகுந்து வீக்கத்தை உண்டாக்குகின்றன. காலையில் காட்டுக்குப் போனவருக்கு மாலையிலும் இரவிலும் மூக்கு அடைப்பது இதனால்தான். நாள்தோறும் தூள் பட்டால் இந்த அணுக்கள் அங்கேயே சேர்ந்துவிடும். பிறகு சிறிதளவு தூளே தும்மலைத் தூண்டிவிடும்.

பரிசோதனைச் சீட்டு சொல்வது

வெள்ளையணுக்களில் ஈஸினோபில் சாதாரணமாக 100-க்கு 1 முதல் 4 வரை இருக்கும். ஒவ்வாமையில் இது கூடலாம். ஆனால் கூடியதெல்லாம் ஒவ்வாமையன்று. வெறுங்காலில் நடப்பவர்களுக்கு வரும் கொக்கிப்புழுவும், யானைக்கால் கிருமியும் இதே எண்ணிக்கையை உயர்த்தும். எனவே சீட்டைப் பார்த்துத் தாமாகவே மருந்து வாங்குவது தவறு. எந்தப் பருவத்தில், எந்த இடத்தில் தும்மல் வருகிறது என்பதை மருத்துவரிடம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் தும்மல் மாத்திரைகள் ஹிஸ்டமினைத் தடுப்பவை. இரண்டாம் அலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சில மாத்திரைகள் தூக்கம் தருபவை. அவற்றை உட்கொண்டு டிராக்டர் ஓட்டுவதும், கதிரடிக்கும் இயந்திரத்தில் கை வைப்பதும் ஆபத்து. மூச்சிரைப்பு, நெஞ்சில் விசில் சத்தம் இருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தடுக்கும் வழி

தூள் படாவிட்டால் அணுக்கள் கிளர்ந்தெழுவதில்லை. ஆகவே பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது செடியை வேரோடு பிடுங்க வேண்டும். பூக்காத செடியைக் கம்போஸ்டு குழியில் இடலாம். இலை பட்டாலும் சிலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் வரும். கையுறையும், மூக்கையும் வாயையும் மூடிய துணியும் அவசியம். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் இவ்வேலையில் இறங்கக் கூடாது. வீடு திரும்பியதும் குளித்து உடை மாற்றுவது நல்லது.

பயிரில்லாத இடங்களில் 1 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்துச் செடி நனையத் தெளிக்கலாம். விளைநிலத்தில் இதைத் தெளித்தால் மண் கெடும். 1984-இல் பெங்களூரில் முதன்முதலாக விடப்பட்ட மெக்சிகோ வண்டு, மழைக்காலத்தில் இதன் இலைகளைத் தின்று அழிக்கிறது. வண்டு காணப்படும் இடத்தில் பூச்சிமருந்து அடிக்காமல் விட வேண்டும்.

ஒருவர் நிலத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. பக்கத்துத் தரிசிலும் சாலையோரத்திலும் பூத்து நிற்கும் செடி அங்கும் தூளை அனுப்பும். ஊர் கூடிப் பிடுங்கினால்தான் தும்மல் ஓயும்.