மின்விசிறிக்குக் கீழே ஒரு மருந்துக் குப்பி

ரயில்வேயில் 36 ஆண்டுகள் பெட்டிகளைப் பழுது பார்த்த டிப்ளமோக்காரனுக்கு மருந்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சில காலத்துக்கு முன் என் மைத்துனருக்கு மைசூரில் ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினார்கள். வார்டின் ஓரத்து மேசையில், சுழலும் மின்விசிறிக்குக் கீழே, ஒரு செவிலியப் பெண் குப்பியைத் திறந்து மருந்தைக் கலந்தார். மூன்றாம் நாள் அவருக்குக் கடுங்காய்ச்சல். மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா என்று எவராலும் சொல்ல இயலவில்லை. பத்து நாளில் தேறிவிட்டார். ஆனால் அந்த மின்விசிறி என் மனத்தை விட்டு அகலவில்லை.

நம் ஊரில் 1973 முதல் இயங்கும் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியில் படித்தவள் என் தங்கை மகள். அவளிடம் கேட்டேன். அவள் விளக்கியதையே இங்கு எழுதுகிறேன்.

விழுங்கும் மருந்துக்கு வயிற்று அமிலம் ஒரு காவல். ரத்தத்திலோ, கண்ணிலோ, முதுகுத்தண்டின் அருகிலோ செலுத்தும் மருந்துக்கு அந்தக் காவல் கிடையாது. 2012-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருந்தகம் தயாரித்த முதுகுவலி ஊசி மருந்தில் பூஞ்சை புகுந்தது. 750 பேருக்கு மேல் நோயுற்றனர். 60 பேருக்கு மேல் இறந்தனர்.

இந்த அழுக்கு பெரும்பாலும் மனிதரிடமிருந்தே வருகிறது. தோல் செதில், தலைமுடி, பேசும்போது தெறிக்கும் எச்சில். ஆகவே பயிற்சியின் முதல் பாடம் உடை அணிவது. முதலில் காலணி உறை, தலை உறை, முகக்கவசம், பிறகு 30 வினாடி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுதல், அப்புறம் அங்கி, கடைசியில் கிருமி நீக்கிய கையுறை. வரிசை மாறினால் கழுவிய கை காலணியைத் தொட்டுவிடும். மோதிரம், வளையல் கூடாது.

அடுத்தது காற்று. கலக்கும் மேடையில் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள தூசில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். அந்தக் காற்று குப்பியின் வாய் மீது நேராகப் படவேண்டும். கலப்பவர் கை குறுக்கே வரலாகாது.

இதெல்லாம் வந்துவிட்டதா என்று எப்படி அறிவது? அமெரிக்க மருந்து நெறி நூலில் இரண்டு சோதனைகள் உண்டு. கையுறை விரல் நுனிகளை ஊட்டத் தட்டில் பதிப்பார்கள். வேலை தொடங்கும் முன் மூன்று முறையும் ஒன்றுமே வளரக்கூடாது. பிறகு, மருந்துக்குப் பதிலாகக் கிருமி செழித்து வளரும் சத்து நீரை வைத்து முழு வேலையையும் செய்யச் சொல்வார்கள். அதை 14 நாள் இளஞ்சூட்டில் வைப்பார்கள். தெளிவாக இருந்தால் தேர்ச்சி. கலங்கினால் மறுபடி பயிற்சி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுதேர்வும் உண்டு.

எங்கள் பணிமனை வழக்கமும் இதுதான். பிட்டர் எவ்வளவு அனுபவசாலி ஆனாலும், பிரேக் குழாயில் 5 கிலோ அழுத்தம் நிற்கிறது என்று மானி காட்டும் வரை கையெழுத்துப் போடமாட்டோம்.

அந்தச் செவிலியப் பெண் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தனி அறையும் தரவில்லை, பயிற்சியும் தரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்கேனும் இத்தகைய மருந்து ஏற்ற நேர்ந்தால், "எங்கே கலக்கிறீர்கள்? யார் கலக்கிறார்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். மருந்தியல் படிக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகளே, கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பதோடு உங்கள் படிப்பு முடிந்துவிடுவதில்லை. இந்தக் கைப்பழக்கத்தையும் கற்றுக்கொள்ளுங்கள்.