வெள்ளியில் கட்டடமா? ரேடார் படத்தைப் படிப்பது எப்படி?

வெள்ளிக் கிரகத்தில் நகரம் இருக்கிறது, மதில் சுவர் இருக்கிறது என்று அம்புக்குறி போட்ட படங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அசல் படங்களை நாசாவின் தளத்தில் யாரும் இலவசமாக டவுன்லோட் செய்திடலாம். செய்து பாருங்கள். ஆனால் பெரிதாக்கித் தேடும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், இவை போட்டோக்களே அல்ல. வெள்ளியை அடர்ந்த மேகம் முழுமையாக மூடியிருப்பதால் சாதாரண கேமராவுக்குத் தரை தெரியாது. எனவே 1989ல் ஏவப்பட்ட மெகல்லன் விண்கலம் ரேடார் அலைகளைப் பக்கவாட்டில் அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியைப் பதிவு செய்தது. 1990 முதல் 1992 வரை இப்படித் தரையின் 98 சதவீதத்தைப் படமாக்கியது. படங்களில் உள்ள ஆரஞ்சு நிறம் பின்னர் சேர்க்கப்பட்டது. 1982ல் தரையிறங்கிய ரஷ்ய வெனெரா கலங்களின் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறம் அது.

அப்படியானால் வெளிச்சமாகத் தெரிவது எது? கரடுமுரடான தரையும், ரேடாரை நோக்கிச் சாய்ந்த சரிவும்தான். வழவழப்பான எரிமலைக் குழம்புச் சமவெளியில் பட்ட அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். அந்த இடம் கறுப்பாகத் தெரியும். அதை ஏரி என்று நினைத்துவிடாதீர்கள். ஏறக்குறைய 460 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏரி எங்கே இருக்கும்?

மேடா, பள்ளமா என்பதிலும் கண் ஏமாறும். ரேடார் இடதுபுறமிருந்து வந்த படம் என்றால், மேட்டின் இடது சரிவு பளிச்சென்று இருக்கும். பள்ளத்தில் வலதுபக்கச் சுவர் பளிச்சிடும். படத்தை 180 டிகிரி திருப்பிப் பாருங்கள், பள்ளம் மேடாக மாறியது போல் தோன்றும். தவிர, உயரமான சிகரம் ரேடார் இருந்த பக்கமாகச் சாய்ந்தது போல் பதிவாகும். இதனால் சாதாரண மலையும் வெட்டி வைத்த சுவர் போலத் தெரியலாம்.

நேர்கோடுகள் வேறு கதை. விண்கலம் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 20 கிலோமீட்டர் அகலமுள்ள நீண்ட பட்டையாகத்தான் படம் எடுத்தது. பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டித்தான் முழுப்படம் செய்தார்கள். ஒட்டிய இடம் கோடாகத் தெரியும். தகவல் கிடைக்காத இடம் கறுப்புப் பட்டையாக நிற்கும். எதையோ மறைத்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வது இந்தப் பட்டைகளைத்தான்!

இப்போது பெரிதாக்குதலுக்கு வருவோம். மெகல்லன் படத் தொகுப்புகளில் மிகத் துல்லியமானதில்கூட ஒரு பிக்செல் 75 மீட்டர். அதாவது ஒரு புள்ளிக்குள் ஒரு ஏக்கருக்கும் மேலான நிலம் அடங்கிவிடுகிறது. பத்து பிக்செல் அகலத்தில் ஒரு 'வீடு' தெரிந்தால் அதன் அகலம் 750 மீட்டர்! ஜேபிஜி பைல் என்றால் இன்னொரு தொல்லை. பைல் அளவைக் குறைக்க, படத்தை 8க்கு 8 பிக்செல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறார்கள். அதிகம் பெரிதாக்கினால் அந்தக் கட்டங்கள் வரிசை வீடுகளாகக் காட்சி தரும். எனவே டிப் வகை பைல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

முப்பரிமாணப் படங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். மாட் மோன்ஸ் எரிமலையின் புகழ்பெற்ற படத்தில் உயரம் 22.5 மடங்கு கூட்டப்பட்டுள்ளது. ஊசி போல் நிற்கும் அந்த மலை நேரில் அகன்ற, மிதமான மேடுதான்.

அதே மாட் மோன்ஸ் பகுதியில்தான் உண்மையான கண்டுபிடிப்பும் கிடைத்தது. 1991 பிப்ரவரியிலும் அக்டோபரிலும் எடுத்த படங்களை ராபர்ட் ஹெரிக் ஒப்பிட்டார். 2.2 சதுர கிலோமீட்டர் இருந்த ஓர் எரிமலை வாய் சுமார் 4 சதுர கிலோமீட்டராக வளர்ந்து, வடிவமும் மாறியிருந்தது. இரண்டு படங்களிலும் ரேடார் வந்த திசை வேறு. எனவே திசை மாற்றத்தால் வந்த தோற்றமா என்று ஸ்காட் ஹென்ஸ்லி கம்ப்யூட்டர் மாதிரிகள் செய்து சோதித்தார். தோற்றம் அல்ல, தரையே மாறியிருக்கிறது என்று உறுதியான பிறகே 2023ல் வெளியிட்டார்கள். முப்பது ஆண்டுகளாக எல்லாருக்கும் கிடைத்துக்கொண்டிருந்த படங்கள் அவை.

உயிர் பற்றிய கேள்வி? வெள்ளியில் அதை விஞ்ஞானிகள் தேடுவது தரையில் அல்ல, சூடு குறைந்த மேகங்களில். அங்கே பாஸ்பீன் வாயு இருப்பதாக 2020ல் வந்த அறிவிப்பு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அதற்கு ரேடார் படம் உதவாது.