கிட்டார் பிக்-அப்: நீங்களே சுற்றலாம், கம்ப்யூட்டர் எண்ணும்!

கம்ப்யூட்டர் வாங்கியதும் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், கடிதம் டைப் செய்கிறோம். ஒரு பொருளைக் கையால் செய்யும்போதும் அதே கம்ப்யூட்டர் நமக்கு உதவியாளராக இருக்கும். ஊரப்பாக்கத்தில் என் வீட்டில் இருக்கும் எலக்ட்ரிக் கிட்டாரில் ஒரு பிக்-அப் வேலை செய்யாமல் போனது. புதிது வாங்காமல் நானே ஒன்று சுற்றினேன். உதவிக்கு வந்தவை ஒரு தையல் மெஷின், ஒரு பழைய மவுஸ், விண்டோஸில் உள்ள கால்குலேட்டர். எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களும் இதைச் செய்யலாம்.

பிக்-அப் என்றால் என்ன?

ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி. அவ்வளவுதான். மேலே இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு கம்பிச் சுருளில் சிறிய மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த தத்துவம் இது. சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1931-ல், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் இதை வைத்து ஒரு மின்சார கிட்டார் செய்தார். வாணலி போல இருந்ததால் அதற்கு 'ஃப்ரையிங் பேன்' என்று பெயர் வந்தது. நம் ஊரில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கர்நாடக சங்கீதம் வாசித்ததும் மின்சார மாண்டலினில்தான்.

ஒன்றை நினைவில் வையுங்கள். நைலான் தந்தியும் பித்தளைத் தந்தியும் காந்தத்துக்குப் பதில் சொல்லாது. தந்தி இரும்பாக, அதாவது ஸ்டீலாக இருக்க வேண்டும்.

கம்பி வாங்கும்போது கவனம்

புதியவர்கள் சிக்கும் இடம் இதுதான். கிட்டார் புத்தகங்கள் '42 கேஜ் கம்பி' என்று சொல்லும். அது அமெரிக்க அளவான ஏ.டபிள்யூ.ஜி. அதன் கனம் 0.063 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அளவு. நம் ஊர் வைண்டிங் கடைகளில் வழங்குவதோ பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி. அங்கே '42' என்று கேட்டால் 0.1 மி.மீ. கம்பி கிடைக்கும். எண் ஒன்றுதான், பொருள் வேறு. அந்தக் கம்பியில் பாபின் 3000 சுற்றிலேயே நிரம்பிவிடும். சத்தமும் மிகக் குறைவாக வரும்.

எனவே கடையில் '46 எஸ்.டபிள்யூ.ஜி. எனாமல் கம்பி' என்று கேளுங்கள். 0.061 மி.மீ. என்பதால் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஃபேன், மிக்ஸி மோட்டார் சுற்றும் கடைகளில் இவ்வளவு மெல்லிய கம்பி இருக்காது. ரிச்சி தெரு பக்கம் விசாரிக்கலாம். ஒரு பிக்-அப்புக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கம்பி தேவை. ஆனால் அதன் எடை சுமார் 30 கிராம்தான்! 50 கிராம் வாங்கினால் நடுவில் தீர்ந்துபோகாது.

பாபின் தயாரித்தல்

செம்பு பூசாத பி.சி.பி. போர்டில் இரண்டு நீளத் துண்டுகள் வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஆறு துளைகள் போடுங்கள். முதல் துளைக்கும் ஆறாவது துளைக்கும் இடையே 52 மி.மீ. இருக்கட்டும். அப்படியானால் அடுத்தடுத்த துளைகளுக்கு இடையே 10.4 மி.மீ. வரும். கம்ப்யூட்டரில் கோடு வரைந்து பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கொண்டால் துளை பிசகாது.

துளைகளில் ஆறு இரும்பு போல்ட்டுகளைப் பொருத்துங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளில் பெரும்பாலானவற்றில் காந்தம் ஒட்டாது. வாங்கும்போதே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரண்டு துண்டுகளுக்கும் இடையே 11 மி.மீ. இடைவெளி விட்டு, போல்ட்டுகளின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். கம்பி இரும்பில் உரசி எனாமல் போகாமல் இது காக்கும்.

அடியில் ஒரு ஃபெரைட் காந்தப் பட்டை போதும். பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்த காந்தம் வேண்டாம். அது மிக வலுவானது. தந்தியைத் தன் பக்கம் இழுத்து ஸ்வரத்தையே கெடுத்துவிடும்.

மவுஸ் எண்ணும்

சுமார் 8000 சுற்றுகள் சுற்ற வேண்டும். வாயால் எண்ணினால் பாதியில் மறந்துவிடும். இப்படிச் செய்யுங்கள்:

1. பழைய மவுஸைக் கழற்றி, இடது பட்டனின் அடியில் உள்ள சுவிட்சைப் பாருங்கள். பட்டனை அழுத்தும்போது எந்த இரண்டு கால்கள் இணைகின்றன என்று மல்டிமீட்டரில் கண்டுபிடியுங்கள். அந்தக் கால்களில் ஒரு ரீட் சுவிட்சைச் சால்டர் செய்யுங்கள். காந்தம் அருகே வந்தால் தானாக மூடிக்கொள்ளும் சுவிட்ச் இது. இந்த வேலையின்போது மவுஸ் கம்ப்யூட்டரில் செருகியிருக்கக் கூடாது.

2. மவுஸின் அடியில் ஒளி வரும் இடத்தைக் கறுப்புக் காகிதத்தால் மூடுங்கள். அம்புக்குறி நகராமல் இருக்கும்.

3. தையல் மெஷினில் ஊசியை எடுத்துவிட்டு, கைச்சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்துங்கள். மிதித்தால் சக்கரம் மட்டும் சுழலும். சக்கரத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டி, அதன் நடுவில் பாபினை இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். மரத்துண்டின் ஓரத்தில் ஒரு சிறு காந்தம். அதன் பாதைக்கு அருகே ரீட் சுவிட்ச், சக்கரத்தில் தட்டாதபடி.

4. இரண்டு மவுஸ்களையும் கம்ப்யூட்டரில் இணையுங்கள். கால்குலேட்டரைத் திறந்து, வழக்கமான மவுஸால் 0, +, 1 ஆகியவற்றைக் கிளிக் செய்யுங்கள். பிறகு அம்புக்குறியை = பட்டன் மேல் நிறுத்துங்கள். இனி ஒவ்வொரு சுற்றுக்கும் எண் ஒன்று கூடும்.

முதலில் கம்பி இல்லாமல் 50 சுற்று சுழற்றி, திரையில் 50 வருகிறதா என்று பாருங்கள். கரண்ட் போனால் எண்ணிக்கை அழிந்துவிடும். 1000-க்கு ஒரு தடவை காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வினாடிக்கு 5 சுற்று என்றால் 8000 சுற்றுக்கு 27 நிமிடம். கம்பியை ஒரு மெல்லிய துணியில் பிடித்து, இடமும் வலமுமாக மெதுவாக நகர்த்துங்கள். இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் சுருள் உப்பிவிடும். அறுந்தாலும் கவலை வேண்டாம். இரண்டு முனைகளையும் முறுக்கிச் சால்டர் வைத்து, துண்டு டேப் ஒட்டிவிட்டுத் தொடருங்கள்.

சோதனை

மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து அளந்து பாருங்கள். 5.5 முதல் 6.5 வரை வந்தால் மகிழ்ச்சி. எதுவும் காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. 8000 சுற்றியும் மிகக் குறைவாகக் காட்டினால் எனாமல் உரிந்து சுற்றுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. கம்ப்யூட்டர் தந்த எண்ணும் மீட்டர் தந்த எண்ணும் ஒத்துப்போவதுதான் நம் வேலைக்கு அத்தாட்சி. கத்திரி வெயிலில் அளந்தால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் செம்பின் மின்தடை சுமார் 4 சதவீதம் கூடும்.

அடுத்து ஒலி. டெஸ்க்டாப்பின் பின்புறம் இளஞ்சிவப்பு மைக் துளையும் நீல லைன்-இன் துளையும் இருக்கும். மைக் துளையில் பிக்-அப்பின் ஒலி மங்கிவிடும். நீலத் துளையில் இணையுங்கள். லேப்டாப்பில் அது இல்லையென்றால், கிட்டார் இணைக்கும் வசதியுள்ள யு.எஸ்.பி. ஆடியோ பெட்டி வேண்டும். இலவச மென்பொருளான ஆடாசிட்டியைத் திறந்து ரெக்கார்டு பட்டனை அழுத்தி, ஒரு ஸ்க்ரூடிரைவரால் போல்ட் தலையை மெல்லத் தட்டுங்கள். திரையில் அலை எழும்பினால் உங்கள் பிக்-அப் பேசுகிறது!

பின்னணியில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். அது உங்கள் சுருளின் குறையல்ல. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வைக் கம்பிச் சுருள் வாங்கிக்கொள்கிறது. இதை அடக்கத்தான் எதிரெதிராக இரண்டு சுருள்கள் வைக்கும் 'ஹம்பக்கர்' 1950-களில் வந்தது. ஒரு சுருளைச் சுற்றிப் பழகியவர்கள் அடுத்து அதை முயலலாம்.